சதுரங்கம் யார் வீட்டுச் சொத்து?

சிம்பாங் அம்பாட் என்றால் நாற்சந்தி. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் மலாக்காவை நோக்கிப் போகிறவர்கள் சுங்கச் சாவடிப் பலகையில் இந்தப் பெயரைப் பார்த்திருப்பார்கள். அது அமைந்திருக்கும் மாவட்டம் அலோர் காஜா. காஜா என்றால் யானை. நம்முடைய கஜம்தான் அங்கே காஜா ஆகியிருக்கிறது.

சதுரங்கத்துக்கு மலாயில் பெயர் 'சாத்துர்'. சதுரங்கம் என்ற வடசொல்லின் முன்பாதி அது. சதுர் என்றால் நான்கு. யானை, குதிரை, தேர், காலாள் என்ற நால்வகைப் படைதான் சதுரங்கம். ஆங்கிலத்தில் பிஷப் எனப்படும் காய்க்கு மலாய்ப் பலகையில் இன்றும் பெயர் காஜா. ராணிக்கு அங்கே 'மந்திரி' என்று பெயர். பல தமிழ் வீடுகளிலோ மூலையில் நிற்கும் காயைத்தான் யானை என்பார்கள். பிஷப்பை மந்திரி என்பார்கள். ஆகவே தமிழ்ப்பள்ளிப் பையனும் பக்கத்துக் கம்பத்து மலாய்ப் பையனும் முதன்முதலாக எதிரெதிரே உட்கார்ந்தால், 'யானையை வெட்டிவிட்டேன்' என்ற பேச்சில் இருவருக்கும் கொஞ்ச நேரம் குழப்பம்தான்.

இந்தியாவில் பிறந்த ஆட்டம் பாரசீகம் போய், அரபு நாடுகள் வழியாக ஐரோப்பா போய்ச் சேர்ந்தது. வணிகர்களோடு கடல் தாண்டி மலாய் மண்ணுக்கும் வந்தது. இத்தனை தூரம் பயணம் செய்தும் ஒருவரும் ஒருவரிடமும் அனுமதி கேட்கவில்லை. விதிகளை மாற்றிக்கொண்டவர்கள் உண்டு, காய்களின் பெயரை மாற்றிக்கொண்டவர்கள் உண்டு. 'இந்த ஆட்டம் எனக்குச் சொந்தம், ஆட வேண்டுமென்றால் காசு கொடு' என்று சொன்னவர் மட்டும் இல்லை.

கணினிக்குள் நுழைந்த பிறகுதான் அந்தப் பேச்சு எழுந்தது.

கணினிச் சதுரங்கத்தின் ஆரம்பக் காலம் ஏழைப் பேராசிரியர்களின் காலம். 1950-ல் அமெரிக்கர் கிளாட் ஷானன், இயந்திரத்தை எப்படிச் சதுரங்கம் ஆட வைக்கலாம் என்று கட்டுரை எழுதினார். யார் வேண்டுமானாலும் படிக்கும்படி அது அச்சில் வந்தது. இங்கிலாந்தில் ஆலன் டூரிங் எழுதிய சதுரங்க நிரலை ஓட்ட அன்று கணினி கிடையாது. 1952-ல் அவரே கையில் தாளும் பென்சிலுமாக உட்கார்ந்து, தானே இயந்திரமாகி, ஒவ்வொரு நகர்வையும் கணக்குப் போட்டு ஆடினார். தோற்றும் போனார். அந்தத் தாளுக்கு யாரும் விலை வைக்கவில்லை.

விலை வந்தது 1976-ல். பீட்டர் ஜென்னிங்ஸ் என்பவர் எழுதிய 'மைக்ரோசெஸ்' ஒரு சிறிய வீட்டுக் கணினிக்காக விற்பனைக்கு வந்தது. நன்றாகவே விற்றது. சதுரங்க நிரலைக் காசாக்க முடியும் என்று உலகம் தெரிந்துகொண்டது. அதில் தவறு என்ன இருக்கிறது? உழைத்தவன் கூலி கேட்கிறான். விற்பது ஒரு பிரச்சினையே அல்ல. வாங்கியவன் பெட்டியைத் திறந்து பார்க்கக் கூடாது, பழுது பார்க்கக் கூடாது, நண்பனுக்குக் கொடுக்கக் கூடாது என்று பூட்டுப் போட்டதில்தான் வம்பு தொடங்கியது.

இலவசம் வேறு, கட்டற்றது வேறு

இங்கே தமிழுக்கு ஒரு வசதி இருக்கிறது. ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்ற ஒரே சொல் காசில்லாததையும் குறிக்கும், கட்டில்லாததையும் குறிக்கும். நமக்கு இரண்டு சொற்கள். கோயில் அன்னதானத்தில் வயிறாரச் சாப்பிடுவது இலவசம். அந்தச் சாம்பாரின் பக்குவத்தையும் கேட்டு எழுதிக்கொண்டு, வீட்டில் புளியைக் குறைத்துச் சமைத்து, அடுத்த வீட்டுக்கும் அந்தப் பக்குவத்தைச் சொல்லிக்கொடுக்க முடிந்தால், அது கட்டற்றது. கணினி நிரலில் அந்தப் பக்குவத்துக்குத்தான் மூல நிரல் என்று பெயர்.

1983-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற அமெரிக்க நிரலாளர் 'குனு' என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தை அறிவித்தார். அதன் தொடக்க காலப் படைப்புகளில் ஒன்று சதுரங்க நிரல்! ஸ்டூவர்ட் கிராக்ராஃப்ட் 1984-ல் தொடங்கிய 'குனு செஸ்' அது. வங்கிக் கணக்கு நிரலுக்கும் அலுவலக நிரலுக்கும் முன்னால் சதுரங்கத்துக்கு இடம் கிடைத்ததைச் சிலர் வேடிக்கையாகப் பார்க்கலாம். ஆனால் சதுரங்கம்தானே காலங்காலமாகப் பொதுச் சொத்தாக இருந்தது? அதிலிருந்து தொடங்கியது பொருத்தமே.

1989-ல் ஸ்டால்மன் எழுதிய பொது உரிமம் வந்தது. சுருக்கமாக ஜி.பி.எல். என்பார்கள். அதன் சாரம் எளிது. எடுத்துக்கொள், திருத்து, விற்கவும் செய். ஆனால் நீ கைமாற்றும்போது மூல நிரலையும் சேர்த்துக் கொடு, உனக்குக் கிடைத்த அதே உரிமையை வாங்குபவனுக்கும் கொடு.

இந்த நிபந்தனை ஏன் தேவைப்பட்டது என்பதை மலாக்காக்காரர்களுக்கு விளக்குவது சுலபம். பிரேசிலிலிருந்து 1876-ல் இங்கிலாந்துக்குப் போன ரப்பர் விதைகளிலிருந்து முளைத்த கன்றுகளில் சில அடுத்த ஆண்டே சிங்கப்பூர் வந்தன. 1888 முதல் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தைக் கவனித்த ரிட்லி, எதிர்ப்பட்ட தோட்ட முதலாளிகளிடமெல்லாம் ரப்பர் விதையைக் கொடுத்து நடச் சொன்னார். வாங்கி நட்டவர்களில் முன்னோடி மலாக்காவின் டான் சாய் யான். 1896-ல் புக்கிட் லிந்தாங்கில் நட்டார். மலாயாவின் ரப்பர்த் தோட்ட வரலாறு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

விதையைக் கொடுத்தவர் நிபந்தனை எதுவும் போடவில்லை. விதை கட்டற்று வந்தது. அதிலிருந்து எழுந்த தோட்டத்துக்கோ வேலியும் வாசலில் காவலும் வந்தன. விடியற்காலையில் பால் வெட்டப் போன தமிழ்க் குடும்பங்களுக்கு லயத்து வீடுகூடச் சொந்தமில்லை. வேலை போனால் வீடும் போனது. பொதுவில் கிடைத்ததை எடுத்து வேலிக்குள் வைத்துக்கொள்வதைத் தடுக்க ஏதாவது ஒரு விதி முதலிலேயே வேண்டும். ஸ்டால்மன் ரப்பரைப் பற்றி யோசித்திருக்க மாட்டார்தான். ஆனால் அவர் எழுதிய விதி அந்த வகையைச் சேர்ந்தது.

49 டாலர் கேட்ட நாள்

விதி இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்குச் சதுரங்க உலகத்திலேயே ஓர் உதாரணம் உண்டு.

1992 ஜனவரியில் இணையச் சதுரங்க நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. அமெரிக்கப் பல்கலைக்கழகக் கணினிகளில் இடம் பிடித்து, ஆர்வலர்கள் ஊதியமின்றி நடத்தினார்கள். படம்கூடக் கிடையாது, எழுத்துகளால் ஆன பலகைதான். உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் யாரோடும் ஆடலாம் என்பதே அன்று பெரிய அதிசயம். நிரலில் கோளாறு வந்தால் ஆடுகிறவர்களே திருத்தினார்கள். புதியவர்களுக்கு வழிகாட்டியவர்களும் ஆட்டக்காரர்களே.

கார்னகி மெலன் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேனியல் ஸ்லேட்டர் அதன் நிரலைப் பொறுப்பேற்று மிகவும் மேம்படுத்தினார். அவருடைய உழைப்பை யாரும் மறுக்கவில்லை. 1995 மார்ச்சில் அவர் அதை 'இன்டர்நெட் செஸ் கிளப்' என்ற நிறுவனமாக மாற்றினார். ஆண்டுக் கட்டணம் 49 டாலர்.

தொண்டர்கள் கொதித்தார்கள். 'நாங்கள் சும்மா கொடுத்த உழைப்பு உங்கள் கல்லாவில் எப்படி விழுந்தது?' என்பதுதான் அவர்கள் கேள்வி. ஸ்லேட்டர் பக்கமும் நியாயம் இருந்தது. கணினிக்கும் இணைப்புக்கும் செலவு உண்டு, பராமரிப்புக்கு ஆள் வேண்டும். இன்றைக்கும் இந்த வழக்கில் ஒரு பக்கமாகத் தீர்ப்புச் சொல்வது கடினம். கொதித்தவர்கள் வெறுமனே கோஷம் போட்டுக் கலைந்துவிடவில்லை என்பதுதான் முக்கியம். அதே மார்ச் மாதத்தில் 'ஃபிக்ஸ்' என்ற கட்டணமில்லாச் சதுரங்க நிலையத்தைத் திறந்துவிட்டார்கள். இரண்டு நிலையங்களும் பல ஆண்டுகள் பக்கத்துப் பக்கத்துக் கடைகளைப் போல ஓடின. பணம் உள்ளவர்களும் கிராண்ட்மாஸ்டர்களும் அங்கே, மற்றவர்கள் இங்கே.

1997 மே மாதம் ஐ.பி.எம். நிறுவனத்தின் 'டீப் புளூ' உலக வெற்றியாளர் காஸ்பரோவை மூன்றரைக்கு இரண்டரை என்று வென்றது. உலகமே பேசியது. அதன் பிறகு அந்த இயந்திரம் ஒரு போட்டி கூட ஆடவில்லை. பிரிக்கப்பட்டு, அதன் பாகங்கள் அருங்காட்சியகத்துக்குப் போயின. அதே காலத்தில் அலபாமா பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஹையட், 'கிராஃப்டி' என்ற தம் நிரலின் மூலத்தை எல்லாருக்கும் படிக்கக் கொடுத்துக்கொண்டிருந்தார். அடுத்த தலைமுறை நிரலாளர்கள் பலர் எழுத்தறிந்தது கிராஃப்டியில்தான். டீப் புளூ புகழ் தந்தது. கிராஃப்டி பாடம் தந்தது.

பழமும் மீனும்

2004-ல் பிரான்சைச் சேர்ந்த ஃபாபியன் லெட்டூசி 'ஃப்ரூட்' என்ற நிரலை வெளியிட்டார். ஃப்ரூட் என்றால் பழம். சுத்தமாக, கண்ணாடிபோல் எழுதப்பட்ட நிரல். 2005-ல் அதன் 2.1 பதிப்பு ஜி.பி.எல். உரிமத்தில் மூலத்தோடு வந்தது. அதே ஆண்டு ரெய்க்யாவிக்கில் நடந்த உலகக் கணினிச் சதுரங்கப் போட்டியில் ஃப்ரூட் இரண்டாம் இடம் பிடித்தது. அதற்குப் பிறகு லெட்டூசியே அடுத்த பதிப்பை மூடி விற்பனைக்குக் கொண்டுவந்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும். படைத்தவனுக்கும் வயிறு உண்டு.

2005 டிசம்பரில் 'ரைப்கா' வந்தது. செக் மொழியில் ரைப்கா என்றால் சின்ன மீன். எழுதியவர் சர்வதேச மாஸ்டர் வாசிக் ராய்லிக். சின்ன மீன் எல்லாரையும் விழுங்கியது. 2007 முதல் 2010 வரை நான்கு உலகப் பட்டங்கள் அதற்குத்தான். 2010-ல் சோஃபியாவில் விஸ்வநாதன் ஆனந்தை எதிர்த்த டோப்பலோவ் தரப்பு, கடையில் கிடைக்காத சக்திவாய்ந்த ரைப்கா கணினித் தொகுதியைத் தயாரிப்புக்குப் பயன்படுத்தியது. ஆனந்துக்குக் காஸ்பரோவ், கிராம்னிக், இளம் கார்ல்சன் போன்றவர்கள் தோள் கொடுத்தார்கள். ஆறரைக்கு ஐந்தரை என்று ஆனந்த் வென்றார். சென்னைக்காரர் தப்பித்தார் என்று சந்தோஷப்படலாம். ஆனால் அந்த நாளில் வலுவான இயந்திரம் என்பது பணத்தாலும் தொடர்பாலும் கிடைக்கும் ஆயுதமாக இருந்தது என்பதை மறக்கக் கூடாது.

ரைப்காவின் வயிற்றில் ஃப்ரூட் இருக்கிறது என்ற பேச்சு மெல்ல எழுந்தது. மூடிய நிரலை எப்படிப் பார்ப்பது? சில நிரலாளர்கள் அதைப் பின்னோக்கிப் பிரித்து வரி வரியாக ஒப்பிட்டார்கள். 2011 ஜனவரியில் லெட்டூசியே விளக்கம் கேட்டுப் பகிரங்கக் கடிதம் எழுதினார். அதே ஆண்டு ஜூனில் சர்வதேசக் கணினி விளையாட்டுச் சங்கம் தீர்ப்புச் சொன்னது: ரைப்கா சொந்தச் சரக்கு என்று சொல்ல முடியாது, பட்டங்கள் பறிக்கப்படுகின்றன, ராய்லிக்குக் வாழ்நாள் தடை. ராய்லிக் குற்றச்சாட்டை மறுத்தார். ஃப்ரூட்டிலிருந்து கருத்துகளைக் கற்றுக்கொண்டதாகவும் நிரலைத் திருடவில்லை என்றும் அவர் வாதிட்டார். வாழ்நாள் தடை மிகை என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு. படித்துக் கற்றுக்கொள்வது எங்கே முடிகிறது, எடுத்து ஒளிப்பது எங்கே தொடங்குகிறது என்ற கோட்டைப் போடுவது அத்தனை சுலபமில்லை.

உலகத்தை வென்ற கருவாடு

ரைப்கா கொடிகட்டிப் பறந்த நாட்களிலேயே நார்வேக்காரர் தூர் ரோம்ஸ்டாட் 'கிளாவ்ருங்' என்ற கட்டற்ற நிரலை எழுதிக்கொண்டிருந்தார். 2008 நவம்பரில் இத்தாலிக்காரர் மார்க்கோ கோஸ்டால்பா அதை எடுத்துத் திருத்தி வேறு பெயரில் வெளியிட்டார். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை, உரிமமே அனுமதி. பெயர் 'ஸ்டாக்ஃபிஷ்'. உப்பில்லாமல் காயவைத்த மீன், அதாவது ஒருவகைக் கருவாடு. நார்வேயில் உற்பத்தியாகி இத்தாலியில் சமைக்கப்படுவதால் அந்தப் பெயராம். ரோம்ஸ்டாட் கோபித்துக்கொள்ளவில்லை. தாமும் வந்து சேர்ந்துகொண்டார். பின்லாந்தின் யோனா கிஸ்கி மூன்றாமவர்.

2013-ல் கேரி லின்ஸ்காட் அதற்காக 'ஃபிஷ்டெஸ்ட்' என்ற பரிசோதனைக் களத்தை அமைத்தார். நிரலில் ஒரு வரி மாற்ற வேண்டுமென்றால் ஆயிரக்கணக்கான ஆட்டங்களை ஆட வைத்துப் பார்க்க வேண்டும். அதற்குப் பெரிய கணினிக்கூடம் வேண்டாமா? உலகெங்கும் ஆர்வலர்கள் தங்கள் வீட்டுக் கணினிகளின் ஓய்வு நேரத்தைக் கொடுத்தார்கள். யார் சொன்ன மாற்றம் என்பது பொருட்டில்லை. பேராசிரியர் சொன்னாலும் பள்ளி மாணவன் சொன்னாலும் ஆட்டத்தில் பலன் தெரிந்தால் உள்ளே, இல்லாவிட்டால் வெளியே. ஊரெல்லாம் ஒருபிடி அரிசி போட்டுப் பொங்கல் வைப்பதைப் போன்ற வேலை. விலைக்கு விற்ற இயந்திரங்களை இந்தக் கருவாடு ஒவ்வொன்றாகப் பின்னுக்குத் தள்ளியது.

2017 டிசம்பரில் கூகுளின் டீப்மைண்ட் நிறுவனம் 'ஆல்ஃபாஸீரோ'வைக் கொண்டுவந்தது. விதிகளை மட்டும் கொடுத்து, தன்னோடு தானே ஆடிக் கற்றுக்கொண்ட இயந்திரம். ஸ்டாக்ஃபிஷ்ஷை 100 ஆட்டங்களில் 28 முறை வென்று, 72 ஆட்டங்களைச் சமன் செய்து, ஒன்றிலும் தோற்கவில்லை. கட்டுரை வெளியானது, இயந்திரம் வெளியே வரவில்லை. மறு ஆண்டே அதே கேரி லின்ஸ்காட்டும் நண்பர்களும் அந்தக் கட்டுரையின் வழியைப் பின்பற்றி 'லீலா' என்ற கட்டற்ற இயந்திரத்தைத் தொடங்கிவிட்டார்கள். பயிற்சி ஆட்டங்களை ஆடிக்கொடுத்ததும் ஆர்வலர்களின் கணினிகளே. ஜப்பானியச் சதுரங்கமான ஷோகிக்காக யூ நாசு 2018-ல் உருவாக்கிய நரம்பு வலை நுட்பத்தை இன்னொரு ஜப்பானிய ஆர்வலர் ஸ்டாக்ஃபிஷ்ஷில் பொருத்திப் பார்த்தார். 2020 செப்டம்பரில் 12-ஆம் பதிப்பில் அது சேர்ந்தது. 2021-ல் ஸ்டாக்ஃபிஷ்ஷின் வலையைப் பயிற்றுவிக்கப் போட்டி இயந்திரமான லீலாவின் ஆட்டத் தரவுகளே பயன்பட்டன. எதிரி வீட்டுக் கிணற்றில் தண்ணீர் எடுத்தார்கள், எதிரியும் கயிற்றை நீட்டினார்!

தமிழர்களுக்கு இந்தப் பழக்கம் புதிதல்ல. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் உலகெங்கும் உள்ள தமிழர்கள் பழைய நூல்களை ஊதியமின்றித் தட்டச்சு செய்து எல்லாருக்கும் வைத்தார்கள். மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் கட்டணமின்றிக் கைமாறிய நாட்களில்தான் இந்நாட்டுத் தமிழர் பலர் முதன்முதலாகக் கணினியில் தமிழ் எழுதினார்கள். நிரலோடு மூலத்தையும் கொடுப்பது அதற்கும் ஒரு படி மேலே.

நீதிமன்றப் படியேறிய கதை

2021 பிப்ரவரியில் ஜெர்மனியின் செஸ்பேஸ் நிறுவனம் 'ஃபேட் ஃப்ரிட்ஸ் 2' என்ற இயந்திரத்தைச் சுமார் 100 யூரோ விலையில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெரிய விளம்பரம். பிரித்துப் பார்த்தால் உள்ளே இருந்தது ஸ்டாக்ஃபிஷ்! நரம்பு வலையை மாற்றி, சிறு மாற்றங்கள் சில செய்திருந்தார்கள். விற்றது குற்றமில்லை என்று முன்பே பார்த்தோம். வாங்குபவனுக்கு உள்ளே இருப்பது என்ன, அவனுக்குள்ள உரிமை என்ன என்று ஒழுங்காகச் சொல்லவில்லை என்பதுதான் ஸ்டாக்ஃபிஷ் குழுவின் குற்றச்சாட்டு. அதே நிறுவனம் விற்ற 'ஹூடினி 6' இயந்திரத்திலும் ஸ்டாக்ஃபிஷ் நிரல் இருந்ததாக அவர்கள் சொன்னார்கள்.

2021 ஜூலையில் குழு, செஸ்பேஸுக்கு இருந்த உரிமம் முடிந்துவிட்டது என்று அறிவித்தது. ரோம்ஸ்டாட்டும் பிரெஞ்சுக்காரர் ஸ்டெஃபான் நிக்கோலேவும் பெயர் கொடுக்க, வழக்கு மியூனிக் நீதிமன்றத்துக்குப் போனது. பொழுதுபோக்காக நிரல் எழுதியவர்கள் ஒரு பக்கம். 1980-களிலிருந்து சதுரங்க மென்பொருள் சந்தையை ஆண்ட நிறுவனம் மறு பக்கம். இலவசமாகக் கொடுத்தவனுக்கு வழக்குப் போட என்ன உரிமை என்று கேட்டவர்கள் இருந்தார்கள். இலவசமாகக் கொடுத்ததால் நிபந்தனை இல்லாமல் போய்விடாது என்பதே குழுவின் பதில்.

2022 நவம்பரில் சமரசம் ஏற்பட்டது. ஃபேட் ஃப்ரிட்ஸ் 2-ஐயும் ஹூடினி 6-ஐயும் இனி விற்பதில்லை, ஓராண்டு காலத்துக்கு ஸ்டாக்ஃபிஷ்ஷை விநியோகிப்பதில்லை, கட்டற்ற மென்பொருள் உரிமங்களைக் கவனிக்கத் தனியாக ஒரு பொறுப்பாளரை நியமிப்பது என்று செஸ்பேஸ் ஒத்துக்கொண்டது. இழப்பீடாக மலைபோல் பணம் குவியவில்லை. குழு கேட்டதும் அது அல்ல. பூட்டுப் போடாதே என்றார்கள், பூட்டு கழன்றது.

இந்த வெற்றிக்கு விலை இல்லாமல் இல்லை. தனியாளாக இயந்திரம் எழுதி விற்றுப் பிழைத்தவர்களின் தொழில் படுத்துவிட்டது. இன்னொரு தொல்லை இன்னும் பெரியது. உலக வெற்றியாளரை வீழ்த்தும் இயந்திரம் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருப்பதால், போட்டி மண்டபங்களில் கைப்பேசியைத் தேடிச் சோதனை போட வேண்டியிருக்கிறது. கட்டற்ற நிரலை ஆதரிப்பவர்கள் இதைப் பேசத் தயங்குகிறார்கள். தயங்கத் தேவையில்லை. பூட்டிய இயந்திரம் இருந்த காலத்திலும் ஏமாற்று இருந்தது, அது பணக்கார ஏமாற்றாக இருந்தது.

இளம் பிள்ளைகளுக்கு இயந்திரம் எந்த அளவு நல்லது என்பதும் தனிக் கேள்வி. சென்னைச் சிறுவன் குகேஷைப் பயிற்றுவித்த விஷ்ணு பிரசன்னா, ஆரம்ப ஆண்டுகளில் இயந்திரத்தைத் தொடவே விடவில்லை. சொந்த மூளையால் கணக்குப் போடட்டும் என்றார். கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பதை வேண்டாம் என்று ஒதுக்குவது வேறு. கைக்கே எட்டாமல் இருப்பது வேறு. தோட்டத்து வீடுகளில் வளர்ந்த முந்தைய தலைமுறைப் பிள்ளைகளுக்கு முதல் வகைச் சுதந்திரம் இருக்கவில்லை. பள்ளிப் போட்டியில் மாவட்டத்தைத் தாண்டுகிறவனுக்கு அடுத்து என்ன படிப்பது என்று சொல்ல ஆளும் இல்லை, நூலும் இல்லை. இன்று அலோர் காஜா வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளி மாணவி, தந்தையின் பழைய கைப்பேசியில், பிரான்சின் திபோ டுப்ளெசிஸ் 2010-ல் தொடங்கிய லிசெஸ் தளத்தைத் திறந்தால், விளம்பரமும் இல்லை, கட்டணமும் இல்லை. நன்கொடையில் ஓடுகிறது. அவள் தோற்ற ஆட்டத்தை அலசிக் காட்டும் இயந்திரமும் கிராண்ட்மாஸ்டர்கள் பார்க்கும் அதே ஸ்டாக்ஃபிஷ்தான்.

2024 டிசம்பர் 12. சிம்பாங் அம்பாட்டிலிருந்து நெடுஞ்சாலையில் தெற்கே சில மணி நேரம் ஓட்டினால் போய்ச் சேரும் சிங்கப்பூரில், உலகப் பட்டப் போட்டியின் 14-ஆவது ஆட்டம். 18 வயது குகேஷும் சீனாவின் டிங் லிரனும் சமநிலையில் இருந்தார்கள். 55-ஆவது நகர்வில் டிங் தம் யானையை எஃப்2 கட்டத்துக்குக் கொண்டுவந்தார். மண்டபத்தில் இருந்த இருவரில் ஒருவருக்கும் முதல் கணத்தில் எதுவும் தெரியவில்லை. வெளியே, கைப்பேசியில் ஸ்டாக்ஃபிஷ்ஷோடு ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த எந்த ஊர்ச் சிறுவனுக்கும், திரையோரத்துக் கோடு சடாரென்று கறுப்பு பக்கம் சாய்ந்தது தெரிந்தது. சில நொடிகள் கழித்துக் குகேஷ் நிமிர்ந்து உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். 58-ஆவது நகர்வில் டிங் கை நீட்டினார்.